பஞ்சு உறுமவில்லை

ஈரல் வாடை சோப்புக்குப் போகிறதில்லை. எலுமிச்சைத் தோலை வைத்துத் தேய்த்தும் பார்த்தாயிற்று. நகக்கண்ணில் போய் உட்கார்ந்துகொண்டு, சோற்றைப் பிசையும்போதும் சாமி படத்துக்குப் பூ வைக்கும்போதும் நான் இருக்கிறேன் என்கிறது. உப்புப் போடாமல் வேகவைத்துப் பொடிப்பொடியாக நறுக்கிய துண்டுகள் மரகதத்தின் இடுப்பில் கட்டிய துணிப்பையில் இருந்தன. வலது கையில் கிளிக்கர். தீப்பெட்டியைவிடச் சின்னதாக, நடுவில் ஒரு பொத்தானோடு, அமுக்கினால் 'டிக்' என்று சத்தம் போடும் ஒரு பிளாஸ்டிக் சாமான். அவள் கூடத்தில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். காலடியில் மடித்துப் போட்ட பவானி ஜமுக்காளத்தின் மேல் அவள் நாய் பஞ்சு உட்கார்ந்திருந்தது. சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில், வாடகைக்கு எடுத்த அலுமினிய வாக்கரைப் பிடித்துக்கொண்டு நாய்ப் பயிற்சி கொடுக்கிற பெண் வான்மதி நின்றிருந்தாள். மத்தியான வெயில் சன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் சாய்த்துப் போட்டிருந்தது. "ரெடிங்களாம்மா?" என்றாள் வான்மதி. ரெடி என்று மரகதம் தலையாட்டினாள். வாக்கர் ஒரு அடி வைத்தது. டக். பஞ்சு அதைப் பார்த்தது, பிறகு முகத்தைத் திருப்பி மரகதத்தைப் பார்த்தது. அந்தத் திரும்பலைத்தான் பிடிக்க வேண்டும். அந்த நொடியில்தான் கட்டைவிரல் இறங்க வேண்டும். இறங்கியது. ஆனால் அதற்குள் பஞ்சு கொட்டாவி விட்டிருந்தது. "லேட்டுங்கம்மா," என்றாள் வான்மதி, சிரித்துக்கொண்டே. "இப்ப நீங்க கொட்டாவிக்கு மார்க் போட்டுட்டீங்க."

நீங்கள் நினைப்பதை நாய் கற்றுக்கொள்வதில்லை, நீங்கள் அமுக்கிய நேரத்தில் அது என்ன செய்துகொண்டிருந்ததோ அதைத்தான் கற்றுக்கொள்ளும் என்று முதல் நாளே வான்மதி சொல்லியிருந்தாள். அடி கிடையாது, அதட்டல் கிடையாது, சங்கிலியை வெடுக்கென்று இழுப்பது கிடையாது. தப்பு செய்தால் கண்டுகொள்ள வேண்டாம். சரியாகச் செய்தால், செய்த அந்தக் கணத்திலேயே ஒரு டிக், உடனே ஒரு துண்டு ஈரல். இவ்வளவுதானா என்று மரகதத்துக்கு அப்போது தோன்றியது. இவ்வளவுதான். ஆனால் அந்தக் கணத்தில் அங்கே இருக்க வேண்டும். மனசு அங்கே இருக்க வேண்டும். அதுதான் அவளுக்கு வரவில்லை. கால்கள் இங்கே இருக்கும், கை இங்கே இருக்கும், மனசு மட்டும் கொடியில் காயப்போட்ட துணி மாதிரி எந்தக் காற்றுக்கும் ஒரு பக்கம் போய்விடும். இப்போதும் பார், வாக்கரின் ரப்பர்க் காலைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், ரப்பர் தேய்ந்தால் சறுக்குமே, புதிது வாங்கி வைக்க வேண்டுமே, குளியலறையில் கைப்பிடி அடிக்க ஆள் வரவில்லையே, நாளைக்கு அவர், என்று ஓடிப் போய் அங்கே முட்டிக்கொண்டு நின்றாள். நாளைக்கு அவர். அந்த வாக்கியம் கொஞ்ச நாளாகவே இப்படித்தான். இரண்டு சொல் வரும், மூன்றாவது வராது. கதவிடுக்கில் சேலை மாட்டிக்கொண்ட மாதிரி அங்கேயே நிற்கும். உடனே அவள் வேறு எதையாவது செய்வாள். தண்ணீர் குடிப்பாள், மின்விசிறியைக் கூட்டி வைப்பாள். இப்போது செய்ய எதுவும் இல்லாததால் பைக்குள் கைவிட்டு ஈரல் துண்டுகளைத் துழாவினாள். பஞ்சு அவள் கையையே பார்த்தது.

நாளைக்கு அவர் வருகிறார். அவ்வளவுதான் வாக்கியம், அதில் என்ன இருக்கிறது. அவள் புருஷன் தண்டபாணிக்குப் பக்கவாதம் வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, பிறகு நடக்கப் பழக்குகிற இடத்தில் சேர்த்து, மழைக்காலம் போய்ப் பனியும் வந்துவிட்டது. அவருக்கு முதலில் திரும்பி வந்தது குரல்தான். கை வரவில்லை, கால் வரவில்லை, வாய்க்கோணல் நேராகவில்லை, குரல் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் வந்து சேர்ந்தது. நூல் மில்லில் ஸ்பின்னிங் மெஷின்களின் இரைச்சலுக்கு மேலே கேட்கும்படி வேலை வாங்கிய குரல். நர்ஸ் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்களாம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீடு பழகட்டும் என்று காலையில் கொண்டுவந்து சாயங்காலம் கூட்டிப்போவதாக ஏற்பாடு. வாசலைத் தாண்டி வாக்கர் உள்ளே ஒரு அடி வைத்ததும் பஞ்சு உறுமியது. அதுவரை அப்படி ஓர் ஒலி அதன் நெஞ்சுக்குள் இருக்கிறது என்றே அவளுக்குத் தெரியாது. அம்மிக்கல்லை இழுக்கிற மாதிரி, அடியிலிருந்து. அவர் "ஏய்!" என்றார். வாக்கரைத் தூக்கித் தரையில் ஓங்கிக் குத்தினார். பஞ்சு பாய்ந்து வாக்கரின் காலைக் கவ்வியது. அவர் சாய்ந்தார். வண்டி ஓட்டி வந்தவர் பின்னால் நின்று தாங்கிக்கொள்ளாமல் போயிருந்தால் அவ்வளவுதான். நாற்காலியில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மூச்சு அடங்கிய பிறகு அவர் சொன்னது ஒரே பேச்சு. "நா வர்றப்ப இந்த ஊட்ல ஒண்ணு அது இருக்கோணும், இல்ல நா இருக்கோணும். யோசிச்சுக்கோ." யோசிச்சுக்கோ என்பது அவர் பேச்சில் யோசிக்க ஒன்றுமில்லை என்று அர்த்தம். பெங்களூரிலிருந்து மகள்தான், அனுப்ப வேண்டாம்மா, ஒருத்தரைப் பார்த்து வைத்திருக்கிறேன், முயற்சி பண்ணிப் பாருங்கள் என்று வான்மதியை அனுப்பி வைத்தாள்.

டக். வாக்கர் இன்னொரு அடி. "பாத்துச்சு, பாத்துச்சு, திரும்புது..." என்று வான்மதி மெல்லச் சொல்லிக்கொண்டே வந்தாள், கோவிலில் தேர் நகர்த்துகிறவர்கள் போல. டிக். இந்த முறை சரியாக விழுந்தது. பஞ்சு ஈரலை அவள் உள்ளங்கையிலிருந்து உதட்டால் எடுத்தது. முன்பெல்லாம் நாக்கு முழுக்கப் பதியும்படி நக்கும், கை ஈரமாகும். இப்போது உதட்டின் நுனியால், சுடுகிற பாத்திரத்திலிருந்து எடுக்கிற மாதிரி. மரகதம் அதைக் கவனித்தாள், கவனித்ததைக் கவனிக்காமல் விட்டாள். எத்தனையோ விஷயங்களை அவள் அப்படித்தான் விட்டிருக்கிறாள். நல்ல பிள்ளை, நல்ல சாமி, என்று அதன் நெற்றியைத் தடவினாள். வெள்ளை ரோமம், காதில் மட்டும் தேங்காய் நார் நிறம். மில் பஞ்சுக் கிடங்கில் தாய் நாய் ஈன்று போட்டதில் பிழைத்தது இது ஒன்றுதான். வேலையை விட்டு வந்த கடைசி நாளில், மாலையும் சால்வையும் ஒரு கையில், சாப்பாட்டுக் கூடை ஒரு கையில் என்று வந்து நின்றார் தண்டபாணி. கூடையைத் திறந்தால் டிபன் கேரியருக்குப் பக்கத்தில் இது. "பஞ்சு மூட்டைக்குள்ள கெடந்துச்சு," என்றார். அதைச் சொன்னபோது அவர் முகம் இருந்த விதம் இருக்கிறதே, அதை அவள் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை. பால் கிண்ணத்துக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்து, அது குடித்து முடிக்கிற வரை எழுந்திருக்கவில்லை. அந்த மனுஷன்தான் அது கூடத்தில் சிறுநீர் கழித்ததற்காகத் தினத்தாளைச் சுருட்டி அடித்தார். செருப்பைக் கடித்ததற்குச் செருப்பாலேயே. அடித்துவிட்டு, "பயம் இருந்தாத்தான் படியும்," என்பார். இரண்டும் அவர்தான். கிண்ணத்துக்கு முன்னால் உட்கார்ந்தவரும் அவர்தான். அதுதான் சிக்கல். ஒருவர் முழுக்க ஒரே மாதிரி இருந்துவிட்டால் பாரம் குறைவு, இறக்கி வைத்துவிட்டுப் போய்விடலாம்.

அவளிடம் அவர் கை ஓங்கியதில்லை. அதைச் சொல்லியாக வேண்டும், ஊரில் யார் கேட்டாலும் அதைத்தான் அவளும் முதலில் சொல்வாள். கை ஓங்கியதில்லை. குழம்பில் உப்பு சரியாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். குறைந்தால் தட்டு ஒரு விரற்கடை முன்னால் நகரும். அவ்வளவுதான். சட்டை நன்றாக மடித்திருந்தால் மௌனம், மடிப்பு பிசகினால் கட்டிலின் மேல் விரித்துப் போடப்பட்டிருக்கும், அவள் வந்து பார்க்கும் வரை. கல்யாணமான புதிதில், பி.ஏ. படித்தவள் என்ற நினைப்பு உள்ளே இருந்த காலத்தில், சாயங்கால வெளிச்சத்தைப் பற்றி என்னவோ நாலு வரி எழுதி அவருக்குக் காட்டினாள். அவர் படித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். "இதுல என்ன இருக்குது?" என்று நிஜமாகவே தெரியாமல் கேட்டார், கோபமாகக்கூட இல்லை. அவளுக்கும் அதில் என்ன இருக்கிறது என்று சட்டென்று தெரியாமல் போய்விட்டது. பிறகு எழுதவில்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, எழுதவில்லை, அவ்வளவுதான். தப்பில்லாத ஒரு நாள் என்பதுதான் அந்த வீட்டில் பரிசு. தப்பில்லாத நாட்களை அடுக்கி அடுக்கி ஓர் ஆயுள். தெருமுனையில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் தோள் தானாக ஒரு அங்குலம் ஏறிக்கொள்ளும், ஸ்கூட்டரை விற்றுப் பல வருஷம் ஆகியும் அடுத்த வீட்டுப் பையனின் வண்டிக்கு இன்னமும் ஏறும். டக். அவள் திடுக்கிட்டாள். வாக்கர் எப்போது இவ்வளவு கிட்டே வந்தது? கட்டைவிரல் எதற்கென்று இல்லாமல் அமுங்கியது. டிக்.

வான்மதி நின்றுவிட்டாள். வாக்கரைச் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டுத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள், பஞ்சுவை நேராகப் பார்க்காமல், பக்கவாட்டாக. கறுப்பு குர்த்தா முழுக்க ஊர் நாய்களின் ரோமம். கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தவள், அதை விட்டு இதற்கு வந்தாள். மோவாயில் ஒரு தழும்பு உண்டு. "என்னைக் கடிச்சதெல்லாம் பொமரேனியனுங்கதாங்கம்மா. பெருசுங்களுக்கு மரியாதை தெரியும்," என்று முதல் நாள் சொல்லிச் சிரித்தவள். இப்போது சிரிக்கவில்லை. "அம்மா, ஒண்ணு கேக்கட்டுங்களா? நா இல்லாதப்ப ஊட்ல நீங்களே பழக்குனீங்கள்ல, அப்ப எதுக்கு அமுக்குனீங்க?" மரகதத்துக்கு உள்ளே ஒரு பெருமை எழுந்தது, வகுப்பில் பதில் தெரிந்த பெண்ணுக்கு எழுகிற மாதிரி. "உறுமாம இருந்ததுக்குக் கண்ணு. உறுமாம சும்மா உக்காந்திருந்தா ஒண்ணு அமுக்குவேன். இப்ப பாரு, உறுமறதே இல்ல. வாக்கர் மூஞ்சிகிட்ட வந்தாலும் வாயத் தொறக்கறதில்ல." வான்மதி பஞ்சுவின் வாயைப் பார்த்தாள். "நீங்க வீடியோ அனுப்புனப்ப நானும் சூப்பர்னு சொல்லிப்போட்டனுங். பஸ்ஸுல நின்னுட்டே பாத்தேன். சத்தம் வரலைங்கறத மட்டும் பாத்திருக்கேன். தப்பு என்னோடதும்தானுங்." எது தப்பு என்று மரகதத்துக்குப் புரியவில்லை. "இங்க பாருங்க, அதோட வாய. எப்புடி இறுக்கி மூடிட்டிருக்குது. கண்ணோட ஓரத்துல வெள்ள தெரியுதுங்களா? உதட்ட நக்கீட்டே இருக்குது. கொட்டாவி விட்டுச்சே, தூக்கமில்லீங் அது. வாலு எங்கிருக்குதுன்னு பாருங்க." வால் வயிற்றுக்கு அடியில் இருந்தது. அவள் அதை இத்தனை நாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "பயம் போகலைங்கம்மா. முன்னவிட ஜாஸ்தியா இருக்குது. சொல்றத மட்டும் நிறுத்திருச்சு."

உறுமுவது கெட்ட பழக்கம் இல்லை என்றாள் வான்மதி. கிட்டே வராதே, எனக்கு முடியவில்லை என்று அது சொல்வது. கடிப்பதற்கு முன்னால் அது வைக்கிற படி. அந்தப் படியை நாம் எடுத்துவிட்டோம். இனி அது சொல்லாது, ஒரு நாள் நேரே கடித்துவிடும். பார்க்கிறவர்கள் எல்லாரும், நல்ல நாய், திடீர்னு என்ன ஆச்சோ தெரியலை என்பார்கள். "திடீர்னு எதுவுமே ஆகறதில்லீங்கம்மா," என்றாள். மரகதம் கையில் இருந்த கிளிக்கரைப் பார்த்தாள். எத்தனை டிக். எத்தனை துண்டு ஈரல். காலையில் காபி குடிக்கும் முன்பு, மாலையில் விளக்கு வைக்கும் முன்பு, முழங்கால் வலியோடு உட்கார்ந்து, தானே ஒரு கையால் வாக்கரை இழுத்து, நடுங்குகிற ஒரு உயிரிடம் நடுங்கினாலும் சத்தம் போடாதே, சத்தம் போடாமலிருந்தால் நீ நல்ல பிள்ளை என்று பாடம் நடத்தியிருக்கிறாள். அவளுக்குத் தெரிந்த ஒரே பாடம் அதுதானே. மாமியார் உயிரோடு இருந்தவரை கல்யாண வீடுகளில் அவளைக் கையைப் பிடித்து இழுத்து நிறுத்திக் காட்டுவார். "என்ற மருமவளப் பாருங்க. வந்த நாள்ல இருந்து ஒரு சத்தம் கேட்டிருப்பீங்களா இவகிட்ட இருந்து?" சுற்றி இருக்கிற பெண்கள் வாய் நிறையப் பாராட்டுவார்கள், தலையில் பூ வைப்பார்கள், அந்தப் பூவின் கனம்கூட இப்போது நினைவிருக்கிறது. அது இனித்தது. இனித்ததை மறுத்துப் பயனில்லை. அமைதியான பெண் என்றார்கள். அவளும் அதை அமைதி என்றே நினைத்துக்கொண்டாள். வால் எங்கே இருக்கிறது என்று யாரும் குனிந்து பார்க்கவில்லை, அவளும்தான். அந்த இடத்தில், வெயில் நிழல் தரையில் கொஞ்சம் நகர்ந்த அந்த நேரத்தில், முட்டிக்கொண்டு நின்ற வாக்கியம் கதவிடுக்கிலிருந்து தானாக விடுபட்டு வந்தது. நாளைக்கு அவர் வராமல் இருந்தால் நன்றாயிருக்கும். கெட்ட நினைப்புதான். ஆனால் அது வந்த விதத்தில் கெட்டது எதுவும் இல்லை. சாக வேண்டும் என்றில்லை, கஷ்டப்பட வேண்டும் என்றில்லை. நாளைக்கு வேண்டாம். நாளைக்கு முடியாது. அவளுக்கு உடம்பெல்லாம் அலுத்துக்கிடந்தது, எலும்பைக் கழற்றி வெயிலில் காயவைக்க முடிந்தால் வைத்துவிடலாம் போல.

"இப்ப என்ன பண்றது கண்ணு? நாளைக்கு வந்துருவாங்க." வான்மதி விரலால் ஜமுக்காளத்தின் கோட்டை வருடினாள். மெல்லப் பேசினாள். இப்போதைக்கு இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பது ஆபத்து. பழையபடி உறுமக் கற்றுக்கொடுக்க வேண்டும். அது உறுமினால் பயமுறுத்துகிற பொருள் உடனே பின்னால் போய்விட வேண்டும், சொன்னால் கேட்பார்கள் என்று அதற்கு மறுபடி நம்பிக்கை வர வேண்டும். பிறகுதான் ஈரல், பிறகுதான் கிளிக்கர் எல்லாம். வாரக்கணக்கில் ஆகும், மாதக்கணக்கிலும் ஆகலாம். "பொள்ளாச்சிப் பக்கம் தெரிஞ்சவங்க தோட்டம் ஒண்ணு இருக்குதுங். அங்க வேணா விட்டுப் பாக்கலாம். ஆனா அது உங்களோடவே ஒட்டி வளந்த நாயி. அங்க சோறு தின்னுமாங்கறது எனக்குத் தெரியல. பொய் சொல்ல மாட்டனுங்." பஞ்சு தன் பெயர் சொல்லப்படாமலே தன்னைப் பற்றிய பேச்சு என்று தெரிந்த மாதிரி மரகதத்தின் பாதத்தின் மேல் மோவாயை வைத்தது. அதன் தொண்டை துடிப்பது அவள் புறங்காலில் தெரிந்தது. முயற்சி செய்து பார்த்தார்கள். வான்மதி வாக்கரை வெகு தூரத்தில், அடுப்படி வாசலில் இருந்து, இலேசாக அசைத்தாள். பஞ்சு பார்த்தது. உறுமவில்லை. உதட்டை நக்கியது. ஒரு அடி கிட்டே. உறுமவில்லை. கொட்டாவி. "சொல்லு சாமி, வேணாம்னு சொல்லு," என்று மரகதம் முணுமுணுத்தாள். சொல்லு என்று சொல்வது எவ்வளவு சுலபம். வாயை மூட ஒரு துண்டு ஈரல் போதுமாயிருந்தது, திறக்க எதைக் கொடுப்பது? அது அவளையே பார்த்தது, டிக் வருமா என்று, தான் நல்ல பிள்ளையாக இருக்கிறோமா என்று. அந்தப் பார்வை தாங்காமல் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டீப்பாயின் மேல் போன் அடித்தது. அவர்தான். அவள் கை முழுக்க ஈரல். வான்மதி எட்டிப் பச்சையைத் தொட்டு, ஸ்பீக்கரில் போட்டு வைத்தாள். "மரகதம்!" கூடத்தின் நாலு சுவரும் அந்தக் குரலுக்குப் பழகியவைதான், இத்தனை மாதம் கேட்காமல் இருந்துவிட்டு இப்போது ஒரே சமயத்தில் எல்லாம் பேசின மாதிரி இருந்தது. அவள் தோள் ஏறியது. "காலைல சீக்கிரமே வண்டி சொல்லீட்டேன். ராகிக் களி கிண்டி வையி. இங்க போடற சோத்த நாயி திங்காது. நாயின்னதும் நெனப்பு வருது, அத அனுப்பிச்சாச்சா இல்லியா?" அவள் "ஏனுங்க..." என்று ஆரம்பித்தாள். "ஏனுங்க கீனுங்கன்னு இழுக்காத. ஒண்ணு கேட்டா ஒண்ணு சொல்லு. அனுப்பிச்சாச்சா?" அப்போது காலடியில் அது தொடங்கியது. முதலில் காதுக்கு வரவில்லை, புறங்காலுக்குத்தான் வந்தது, மோவாய் அதிர்ந்த அதிர்வு. பிறகு சத்தம். தயங்கி, பாதியில் நின்று, மறுபடி எழுந்து, இது கூடுமா என்று கேட்டுக்கேட்டு வருகிற மாதிரி. வான்மதியின் கண் விரிந்தது. உதட்டை மட்டும் அசைத்து, போன், போன் என்றாள். என்ன செய்ய வேண்டும் என்று மரகதத்துக்குத் தெரிந்தது. உறுமினால் பயமுறுத்துகிறது பின்னால் போக வேண்டும், உடனே, அந்தக் கணத்திலேயே. "என்ன சத்தம் அங்க? இன்னும் அந்தச் சனியன்..." அவள் ஈரல் கையாலேயே சிவப்பைத் தொட்டாள். குரல் அறுந்தது. கூடம் திடீரென்று பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. பஞ்சு தலையைத் தூக்கி போனைப் பார்த்தது, சுவரைப் பார்த்தது, பிறகு அவளைப் பார்த்தது. வால் வயிற்றடியிலிருந்து வெளியே வரவில்லை, ஆனால் வாய் கொஞ்சம் திறந்து, நாக்கு தெரிந்தது. "லேட் இல்லீங்கம்மா," என்றாள் வான்மதி, ரகசியம் போல. "கரெக்டா இருந்துச்சு." மரகதம் போனைக் கவிழ்த்து வைத்தாள். இத்தனை வருஷத்தில் அவர் பேசி முடிப்பதற்கு முன்னால் அவள் எழுந்து போனதுகூட இல்லை.

மறுபடி அடித்தது. இந்த முறை அவள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கீழே யாரோ தண்ணீர் மோட்டார் போட்டிருந்தார்கள். "லைன் கட்டாயிருச்சு," என்றார் தண்டபாணி. அவருக்கு வேறு எதுவும் தோன்றியிருக்க வழியில்லை. "நாந்தானுங்க கட் பண்ணேன்," என்றாள். மறுமுனையில் சத்தம் இல்லை. அந்தச் சத்தமில்லாத இடத்துக்குள், அது மூடிக்கொள்வதற்குள், அவள் அடுத்ததையும் போட்டாள். "பஞ்சு எங்கயும் போகல. நாளைக்கு நீங்க வர வேண்டாமுங்க. இன்னும் கொஞ்ச நாள் அங்க இருங்க. நா தினம் சோறாக்கிக் கொண்டாந்து தர்றேன். களி கிண்டிக் கொண்டாறேன். வர வேண்டாம்." அவர் கத்தினார். கத்துவார் என்று தெரியும். நாய்க்காகப் புருஷனை வெளியில் நிறுத்துகிறவளை ஊர் என்ன சொல்லும் என்றார், யாருடைய வீடு அது என்றார், அந்த நாயை யார் கொண்டுவந்தது என்றார். அந்த இடத்தில் மட்டும் குரல் ஒரு மாதிரி இடறியது. அவள் காதிலிருந்து போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். வைத்துவிடவில்லை. மழை விடக் காத்திருப்பவள் மாதிரி நின்றாள். கால் வலித்தது. சுவரில் முதுகைச் சாய்த்து, மெல்லச் சறுக்கி, பால்கனித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தரை வெதுவெதுப்பாக இருந்தது. கத்தல் ஓய்ந்து மூச்சு மட்டும் கேட்டது, பக்கவாதத்துக்குப் பிறகு வந்த, நடுவில் விசில் போல இழுக்கிற மூச்சு. கடைசியில் அவர் கேட்டார், கத்தாமல், புரியாமல் போய்விட்ட ஒரு மனுஷன் கேட்கிற மாதிரி, அன்று தாளின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்த மாதிரி. "உனக்கு என்னதாம்புள்ள ஆச்சு?"

ஒன்றுமில்லை என்று நாக்கு தயாராக இருந்தது. ஒன்றும் இல்லீங்க, களைப்பு, வெயில் என்று. அவள் அதை விழுங்கினாள். "எனக்குப் பயமா இருக்குதுங்க," என்றாள்.

"நாயக் கண்டா?"

"இல்லீங்க."

கீழே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவளும், அவர் சொல்வதற்கு முன்னால், வேறு ஒன்றும் சொல்லி அதை மூடவில்லை.